சட்டைக்குப் பதினோரு படிகள்

முதுகலையில் நான் வாங்கிய மதிப்பெண்களில் ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியுமென்றால் இன்றைக்கே கொடுத்துவிடுவேன். இரண்டாவது களப்பயிற்சியில் நான் செய்த கேஸ் பிரசென்டேஷனுக்குக் கிடைத்தது அது. வகுப்பிலேயே அதுதான் அதிகம். என் ஸ்லைடுகளை அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு மாதிரியாகக் காட்டினார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதில் தகவல் பிழை ஒன்றும் இல்லை. அளவீடுகள் சரி, சிகிச்சை முறை சரி, நோயாளிக்கு முன்னேற்றமும் இருந்தது. ஆனாலும் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தக் கேஸ் மனதில் அடங்க மறுக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி படிக்கப் போகிறேன், என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், உடற்கூறியல், நரம்பியல் என்று சொல்ல ஆரம்பிப்பேன். கண்ணுக்கு முன்னால் வந்து நிற்பதோ ஒரு சட்டை.

தொழில்வழிச் சிகிச்சை என்று தமிழில் சொன்னால், வேலை வாங்கித் தரும் துறை என்றே பலரும் நினைக்கிறார்கள். சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்திருக்கிறது. இங்கே தொழில் என்பது சம்பளத்துக்குச் செய்வது மட்டும் இல்லை. ஒரு மனிதர் காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை தன் நேரத்தை எதில் எல்லாம் செலுத்துகிறாரோ, அத்தனையும் சேர்ந்தது. பல் துலக்குவது, படிப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, குழந்தையைத் தூக்குவது எல்லாம் அதில் அடக்கம். நோயோ விபத்தோ பிறவிக் குறைபாடோ அதில் எதையாவது தட்டிப் பறித்துக்கொண்டால், அதை மீட்க அல்லது வேறு வழியில் செய்ய உதவுவது எங்கள் வேலை.

சில நாடுகளில் இளங்கலையிலேயே இந்தத் துறைக்குள் வரலாம், சில நாடுகளில் முதுகலைதான் வாசல். நான் வேறொரு பட்டம் முடித்துவிட்டு முதுகலை வழியாக வந்தவள். முதல் பருவத்தில் எங்களுக்குக் கொடுத்த முதல் வேலை, பல் துலக்குவதைப் படிப்படியாக எழுதி வரச் சொன்னது. நான் எட்டு வரி எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது ஓரம் முழுக்கக் கேள்விகள். பேஸ்ட் மூடியைத் திறக்கும்போது எந்த விரல்கள் பிடிக்கின்றன, எது திருகுகிறது? டியூபை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கைக்கு யார் சொன்னார்கள்? கண்ணாடி பார்க்காமலே பிரஷ் எப்படி வாய்க்குப் போகிறது? எப்போது நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? மறுபடி எழுதினேன், நாலு பக்கம் வந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் பிரஷை வாயில் வைத்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது நினைவிருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாகத் தினமும் செய்துவந்த ஒன்றை அன்றுதான் முதல்முறையாகக் கவனித்தேன். செயல் பகுப்பாய்வு என்று இதற்குப் பெயர். இந்தப் படிப்பில் நான் மயங்கிப் போனது இங்கேதான். கையில் 27 எலும்புகள் என்பதை யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்யலாம். அந்த 27-ம் சேர்ந்து ஒரு பொத்தானைத் துளைக்குள் தள்ளுவதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தபோது, தெருவில் நடந்து போகிறவர்கள்கூட வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தார்கள்.

பதினோரு படிகள்

உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பு வகுத்த குறைந்தபட்சத் தரத்தின்படி, எங்கே படித்தாலும் குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும். என் இரண்டாவது போஸ்டிங் பன்னிரண்டு வாரம், நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில். அங்கேதான் அவரைச் சந்தித்தேன். அறுபதைத் தாண்டியவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மூளையின் வலது பக்கத்தில் பக்கவாதம், அதனால் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் சீக்கிரம் தேறியது. கை தேறவில்லை. போதாததற்கு இடது பக்கக் கவனமின்மை. கண் பார்வையில் குறை இல்லை, ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் நினைவுக்கு வராது. சட்டையின் இடது கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கும், "போட்டாச்சும்மா" என்பார்.

எனக்கு அது ஒரு அருமையான கேஸ். மாணவியாக அப்படித்தான் நினைத்தேன், மறைப்பதற்கில்லை. சட்டை அணிவதை பதினோரு படிகளாகப் பிரித்தேன். கைப்பிடி இல்லாத, பாதம் தரையில் படும் உயரமுள்ள நாற்காலியில் உட்கார வேண்டும். சட்டையை உள்பக்கம் மேலே தெரியும்படி மடியில் விரிக்க வேண்டும். இடது கைத்துணி இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தொங்க வேண்டும், அப்போதுதான் கையை அதற்குள் இறக்க வழி கிடைக்கும். விழுந்த கை முதலில் உள்ளே போகும், கழற்றும்போது அதுவே கடைசியில் வரும். துணியை முழங்கைக்கு மேலே, தோள் வரை இழுத்து ஏற்றிய பிறகுதான் முதுகுப் பக்கம் சுற்ற வேண்டும், பாதியில் சுற்றினால் எல்லாம் நழுவிவிடும். பொத்தானைக் கீழிருந்து போட வேண்டும், கீழ்ப் பொத்தான்கள்தான் கண்ணுக்குத் தெரியும். வலது மணிக்கட்டுப் பொத்தான் ஒன்றுதான் தீராத சிக்கல், அதைப் போட வேண்டிய இடது கை இல்லை. அந்தப் பொத்தானைப் பிரித்து எலாஸ்டிக் நூலால் தைத்துக் கொடுத்தேன். பூட்டியபடியே கை நுழையும். அதைச் செய்து முடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போதும் உணர முடிகிறது.

தினமும் காலையில் மூன்று வாரம் செய்தோம். கடைசிப் படியை மட்டும் அவரிடம் விட்டு, பிறகு கடைசி இரண்டு, பிறகு மூன்று என்று பின்னாலிருந்து முன்னால் வருவது எங்கள் முறை. ஒவ்வொரு நாளும் அவர் கையாலேயே வேலை முடியும் என்பதால் மனம் தளராது. பதினேழாவது நாள் முழுச் சட்டையையும் அவரே போட்டார். 25 நிமிடம் ஆனது. வியர்த்திருந்தது. நான் கைதட்டினேன். அவர் சிரித்தார், அப்புறம் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் அசதி சாதாரண அசதி இல்லை, தூங்கி எழுந்தாலும் போகாது. அது எனக்குத் தெரியும், பாடத்தில் படித்ததுதான். அன்றைய குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரி எழுதவும் செய்தேன்.

பார்த்தெல் அளவுகோல் என்று ஒன்று, 1965-லிருந்து இருக்கிறது. சாப்பிடுவது, குளிப்பது, உடை, நடை என்று பத்து அம்சங்கள், மொத்தம் 100 புள்ளி. உடைக்கு 10 புள்ளி: தானே அணிந்தால் 10, பாதி உதவி வேண்டுமென்றால் 5, முழுக்க மற்றவர் செய்தால் 0. அவர் வந்தபோது மொத்தம் 35, வீட்டுக்குப் போகும்போது 75. அந்த ஏற்றத்தை ஒரு வரைபடமாகப் போட்டு வகுப்பின் முன் நின்று விளக்கினேன். மதிப்பெண் வந்தது அதற்குத்தான்.

மேசை

பிரசென்டேஷன் முடிந்து இரண்டு வாரத்தில், களப்பயிற்சியில் என்னை மேற்பார்வையிட்ட மேடத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். வீடு திரும்பியவர்களைப் போய்ப் பார்ப்பது அந்தப் பிரிவில் வழக்கம். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். உடை மாற்றுவதெல்லாம் எப்படிப் போகிறது என்று ஆர்வமாகக் கேட்டேன். அந்த அம்மா சங்கடத்தோடு கணவரைப் பார்த்தார். அவரே பதில் சொன்னார். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. நீங்க நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தீங்க. ஆனா சட்டையை நானே போட்டா அதோட அன்னிக்குப் பொழுது முடிஞ்சிருது, படுத்துக்கணும். இவ போட்டுவிட்டா அஞ்சு நிமிஷம். அப்புறம் நான் மேசைக்குப் போயிருவேன்."

படிவத்தில் உடைக்கு எதிரே 0 எழுதினேன். 75 என்பது 65 ஆனது. எழுதும்போது எனக்கு அவர் மேல் ஒரு சின்ன மனத்தாங்கல் இருந்தது, பொய் சொல்ல விரும்பவில்லை.

மேடம் அந்தப் படிவத்தைப் பார்க்கவில்லை. "எந்த மேசைங்க ஐயா?" என்று கேட்டார்.

உள்ளறையில் ஜன்னலோரம் இருந்தது. பழைய ரேடியோக்கள், பாதி திறந்தவை, முழுதாகத் திறந்தவை. வேலையில் இருந்த காலத்தில் அவர் வேறு என்னவோ செய்திருக்கிறார், ரேடியோ பழுது பார்ப்பது மாலை நேரத்துக்கு, நாற்பது வருஷமாக. இடது கைக்குப் பதிலாக மேசை ஓரத்தில் ஒரு வைஸ் பொருத்தியிருந்தார், சர்க்யூட் பலகையை அது கவ்விக்கொள்ளும். ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் வேலைக்கு இரண்டு கை வேண்டும், ஒன்றில் சூடான அயர்ன், ஒன்றில் ஈயக்கம்பி. அவர் ஈயக்கம்பியைத் துணி கிளிப்பில் மாட்டி, கிளிப்பை ஒரு மரக்கட்டையில் ஒட்டி, கம்பியின் நுனி சேர்க்க வேண்டிய இடத்தைத் தொடும்படி வளைத்து வைத்திருந்தார். வலது கையால் அயர்னை மட்டும் கொண்டுபோனால் போதும். நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லாத உத்தி. யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானே கண்டுபிடித்திருக்கிறார்.

இடது கை மேசைமேல் கிடந்தது. அயர்னை வைக்கும் ஸ்டாண்ட் அதற்கு நாலு விரல் தள்ளி. ஸ்விட்ச் இடது பக்கச் சுவரில் இருந்ததால் ஸ்டாண்டும் அந்தப் பக்கமே இருந்தது. மேடம் குனிந்து அவர் கையை மெதுவாகத் திருப்பினார். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒரு கொப்புளம், கட்டைவிரலின் அடியில் காய்ந்து பழுப்பான இன்னொன்று. "எப்பப் பட்டுச்சுன்னே தெரியலம்மா" என்றார் அவர். அவர் மனைவிக்கும் அப்போதுதான் தெரியும்.

திரும்பி வரும் வழியில் மேடம் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார். "இடது கையில சூடு, குளிர் தெரியுதான்னு டெஸ்ட் பண்ணது யாரு?"

"நான்தான் மேடம்."

"என்ன எழுதின?"

"வெப்ப உணர்வு இல்லைன்னு எழுதினேன்."

"எதுக்காக அதை டெஸ்ட் பண்றோம்?"

இதற்குப் புத்தகப் பதில் இருக்கிறது. அவர் கேட்டது அதை இல்லை. என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

குறிப்பேடு

அன்று இரவு என் குறிப்பேட்டைப் பிரித்துப் படித்தேன். முதல் வாரத்திலேயே அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தேன். 1991-இல் கனடாவில் வெளியான ஒரு நேர்காணல் முறை இருக்கிறது. நோயாளியே தனக்கு எது முடியவில்லை என்று சொல்வார், அது எவ்வளவு முக்கியம், இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் அவரே எண் கொடுப்பார். அளவுகோல்களிலேயே நோயாளியின் வாயிலிருந்து ஆரம்பிக்கும் அதன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அதை முறைப்படி செய்திருந்தேன். என் கையெழுத்திலேயே அவர் சொன்ன வரி இருந்தது: "மேசையில் உட்காரணும்."

அதற்கு நேர் எதிரே, இலக்கு என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்தது: "உட்காரும் சமநிலையை மேம்படுத்துதல்."

அவர் சொல்லியிருக்கிறார், நான் எழுதியும் இருக்கிறேன். எந்த மேசை என்று மட்டும் கேட்கவில்லை. உட்காருவது என்ற சொல்லைக் கேட்டதும், இடுப்பும் முதுகுத்தசையும் சமநிலையும் என் மனதில் வரிசையாக வந்து நின்றுவிட்டன. அதே ஏட்டின் இரண்டாம் பக்கத்தில் வெப்ப உணர்வு இல்லை என்ற வரி. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே ஏழெட்டு வாரம் இருந்திருக்கின்றன. எந்த மேசை என்று அன்றைக்கே கேட்டிருந்தால், அவர் விரலில் கொப்புளம் வந்திருக்காது. நாலு பக்கத்துக்குப் பல் துலக்கலைப் பிரித்து எழுதியவள், அவர் ஒருவருக்கே உரிய வேலையைப் பிரித்துப் பார்க்கவில்லை. அதைச் செய்யத்தானே இந்தத் துறை?

துறை பிறந்த கதையை நாங்கள் முதல் வாரத்திலேயே படித்துவிடுவோம், பெரும்பாலும் தேர்வுக்காக. 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் கூடி முதல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் பார்ட்டன். மருத்துவர் இல்லை, கட்டடக் கலைஞர். காசநோயோடு போராடியவர், ஒரு கட்டத்தில் அவருடைய இடது பக்கமும் செயலிழந்தது. தோட்டவேலையும் மரவேலையும் செய்து தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, அதையே மற்றவர்களுக்கும் கொடுக்க ஒரு வீட்டை நடத்தினார். தேர்வில் ஆண்டையும் ஊரையும் பெயர்களையும் சரியாக எழுதினேன். இடது பக்கம் விழுந்த ஒருவர் தன் கைக்குப் பிடித்த வேலையிலிருந்து ஆரம்பித்தார் என்பது, அந்த இரவில் குறிப்பேட்டை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

இதை வைத்து, சட்டை போடச் சொல்லித் தருவது வீண் என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கொஞ்ச நாள் நானும் அந்தப் பக்கம் சாய்ந்தேன். பிறகு, படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பெண்மணி வந்தார். அதே மாதிரிப் பக்கவாதம். வீட்டில் அவரும் மகனும் மட்டும்தான். மகன் அன்பானவன், எதையும் செய்யத் தயாராக இருந்தான். அவன் வந்து தனக்கு உடுத்திவிடுவதை மட்டும் அந்த அம்மாவால் தாங்க முடியவில்லை. முதல் நாளே சொன்னார், வேறு எதுவும் வேண்டாம், நடக்க வராவிட்டாலும் சரி, இது ஒன்று வேண்டும் என்று. அதே பதினோரு படிகளை அவருடைய உடைக்குத் தக்கபடி மாற்றி ஆறு வாரம் செய்தோம். கடைசி வரைக்கும் அரை மணி நேரம் ஆகும், ஆனால் அந்த அரை மணி நேரத்தை அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு செய்வார். படிகளில் எந்தக் குறையும் இல்லை. யாருக்கு, எதற்கு என்ற கேள்வியைத்தான் நான் முன்பு தாண்டிப் போயிருந்தேன்.

இப்போது என்னிடம் மாணவர்கள் களப்பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களிடம் நான் அதிகம் மல்லுக்கட்டுவது இந்த ஒரு இடத்தில்தான். "உங்களுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்பார்கள். "பழையபடி ஆகணும்" என்று பதில் வரும், அல்லது "கை வரணும்." உடனே மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கோனியோமீட்டரை எடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கோணத்தை அளப்பதற்கு மதிப்பெண் உண்டு, நோயாளி தன் பழைய நாளைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு இருபது நிமிடம் உட்காருவதற்கு இல்லை. எங்கள் தேர்வுமுறையில் எனக்குப் பெரிய வருத்தம் இதுதான், சொல்லும் இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன். என்ன வேண்டும் என்ற கேள்வி, உடல் பாதி போயிருக்கும் ஒருவருக்கு மிகவும் பெரியது. அதனால் சின்னதாகக் கேட்கச் சொல்கிறேன். முடியாமல் போவதற்கு முந்தைய நாள் காலையில் எழுந்ததும் எங்கே போனீர்கள்? அப்புறம்? எந்த நாற்காலி? பக்கத்தில் என்ன இருக்கும்? வீட்டில் உங்களைக் கூப்பிட வேண்டுமென்றால் எந்த அறையில் தேடுவார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது பலருக்கு முகம் மாறும். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும், முதல் வாரப் பதிலும் மூன்றாம் வாரப் பதிலும் ஒன்றாக இருப்பதில்லை.

போஸ்டிங் முடிய நாலு நாள் இருக்கும்போது மேடத்தைக் கெஞ்சி இன்னொருமுறை அந்த வீட்டுக்குப் போனேன். இனிமேல் அயர்னைத் தொடாதீர்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் எங்களுக்குப் பாதுகாப்பு. மேடம் அதை எழுதவில்லை, நான் எழுதுவதையும் விடவில்லை. முதலில் ஐயா வேலை செய்வதை நாற்பது நிமிடம் சும்மா பார்க்கச் சொன்னார். பார்த்தேன், எழுதினேன். பதினெட்டுப் படிகள் வந்தன, எட்டாவதிலும் பதிமூன்றாவதிலும் இடது கைக்கு ஆபத்து. ஒரு நீட்டிப்பு ஒயர் இழுத்து அயர்ன் ஸ்டாண்டை வலது பக்கத்துக்கு மாற்றினோம். மேசையின் இடது விளிம்பு முழுக்க அகலமான மஞ்சள் டேப் ஒட்டினோம், தலையைத் திருப்பி அந்த மஞ்சள் கண்ணில் படும்வரை இடது பக்கம் பார்த்து முடியவில்லை என்று கணக்கு. மடியில் ஒரு துண்டை மடித்து, இடது கைக்கு அங்கே இடம் கொடுத்தோம். அவர் மனைவிக்கு விரல்களைத் தினமும் இரவில் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்ததும் ஒருமுறை செய்து காட்டுங்கள் ஐயா என்றேன். உட்கார்ந்தார். கை ஸ்விட்ச் பக்கம் போனது, நடுவில் நின்றது.

"இருங்கம்மா. முதல்ல இவன் எங்க இருக்கான்னு பாத்துக்கறேன்."

தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பினார், மஞ்சள் டேப் வரைக்கும். மேசைமேல் கிடந்த இடது கையை வலது கையால் எடுத்து, மடியில் துண்டின் மேல் வைத்தார். விரல்களை ஒருமுறை நீவிவிட்டார். அப்புறம் ஸ்விட்சைப் போட்டார்.